ஏலாததை அன்றைக்கே சொல்வேன்

பாலையூற்று இரத்தினேஸ்வரியிடம் வியாபார நோட்டீஸ் எழுதித் தரச் சொல்லிப் போனவர்களில், முதல் நாள் கோபித்துக்கொள்ளாமல் வீடு திரும்பியவர் எவரும் இல்லை. எழுபதுகளில் நிலாவெளியில் வெள்ளைக்காரருக்கு அறை வாடகைக்கு விடத் தொடங்கிய குடும்பம் ஒன்று அவரிடம் வந்தது. அவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த அட்டையில் மின்சாரம் இல்லை, கிணற்றுத் தண்ணீர்தான், இரவு முழுக்கக் கடல் இரையும், சத்தமில்லாத நித்திரை வேண்டுவோர் நகரத்து ஹோட்டலுக்குப் போகலாம் என்று இருந்தது. "பிள்ளை, நீ எங்களுக்கு எதிராயல்லோ எழுதிப்போட்டாய்" என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டார். அந்த அட்டையைப் பார்த்து வந்தவர்கள் ஒரு கிழமைக்கென்று வந்து ஒரு மாதம் தங்கினார்கள். அடுத்த வருடம் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தம்பலகாமத்தில் உழவு இயந்திரம் வாடகைக்கு விட்டவருக்கும், கிண்ணியாவிலிருந்து கொழும்புக்குக் கருவாடு அனுப்பியவருக்கும் இதே கதைதான்.

ஆனால் இரத்தினேஸ்வரியிடம் முதல் முதல் போன ஆள் கலீலுர் றஹ்மான். துறைமுகத்துப் பக்கம் பிற்றர் கலீல் என்றால் எல்லாருக்கும் தெரியும். நோட்டீஸ் எழுதுவதே ஒரு வேலை என்று இரத்தினேஸ்வரிக்கும் அவர் போனபிறகுதான் தெரிந்தது. அன்று நடந்ததை வாழ்நாளெல்லாம் கலீல் ஒரு அதிசயத்தைச் சொல்லுவதுபோலத்தான் சொல்லிவந்தார்.

கலீல் டொக்யாட்டில், கப்பல் திருத்தும் தளத்தில், வளர்ந்த ஆள். பிரித்தானியக் கடற்படை திருகோணமலையில் இருந்த காலத்தில் அவர் அங்கே எஞ்சின் பிற்றர், எஞ்சினைப் பூட்டித் திருத்துகிறவர். கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின்மேல் கையை வைத்தாரென்றால், உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறினான். கூட வேலை செய்தவர்களில் பாதிப்பேர் வெளிநாடு போனார்கள். மற்றவர்கள் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். கலீல் சில வருடம் அங்கேயும் இங்கேயும் அலைந்து பார்த்தார். மீன்பிடிக்காரர் பாய்மரத்தை விட்டுவிட்டு எஞ்சின் வள்ளத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த எஞ்சின்களைத் திருத்த ஊரில் ஒழுங்கான ஆள் இல்லை. அறுபத்தொன்றில் துறைமுகத்து ஓரமாய் ஒரு தகரக் கொட்டிலை எடுத்து, சாமான்களை அடுக்கி, திறப்புவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்க அச்சகத்துக்குப் போனார்.

அங்கேதான் பிழை நடந்தது. அச்சகக்காரர் இரத்தினசிங்கம் அதுவரை அடித்துக்கொண்டிருந்ததெல்லாம் கலியாணக் கடதாசிதான். இந்துக்களுக்கு ஒரு மாதிரி, இஸ்லாமானவர்களுக்கு ஒரு மாதிரி, வேதக்காரருக்கு இன்னொரு மாதிரி என்று எழுத்தைக் கோத்தே வைத்திருந்தார். பெயரையும் திகதியையும் மாற்றினால் வேலை முடிந்தது. கலீலுக்கும் அதே கைப்பழக்கத்தோடு அடித்துக் கொடுத்தார். எல்லாம் வல்ல அல்லாஹ்வின் பேரருளால், பெரியோர்கள் நல்லாசியுடன், தாங்கள் தங்கள் இஷ்டமித்திர பந்துக்களோடு குடும்ப சமேதராய் வருகைதந்து வைபவத்தைச் சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம். சுற்றிவரப் பூ. அடியில் பொடி எழுத்தில், சகலவிதமான யந்திர வேலைகளும் நயமாகவும் மலிவாகவும் துரிதமாகவும் செய்து கொடுக்கப்படும்.

கடதாசியைக் கையில் வாங்கியபோது கலீலுக்குப் பெருமை தாங்கவில்லை. நகரம், கிண்ணியா, மூதூர் எல்லா இடமும் கொடுத்தார்.

எல்லாரும் வந்தார்கள். குடும்ப சமேதராய்த்தான் வந்தார்கள். மூதூர் லோஞ்சில் வந்து இறங்கிய பெண்கள் புதுச் சேலை உடுத்து, பிள்ளைகளுக்குத் தலைவாரி, கொட்டிலுக்கு முன்னால் பாயில் இருந்துகொண்டு சாப்பாட்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். நபீஸா என்று ஒரு தூரத்துச் சொந்தக்காரி, வண்ணக் கடதாசியில் சுற்றிய கண்ணாடிக் கிளாஸ் பெட்டியைக் கலீலின் மனைவி உம்மு குல்சுமின் கையில் வைத்துவிட்டு, கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணு எங்க புள்ள?"

உம்மு குல்சும் லேசில் வாயடைத்துப் போகிறவள் இல்லை. அன்றைக்கு அடைத்துப்போனாள். கொட்டிலுக்குள் கறுத்துப்போய் நின்ற பழைய டீசல் எஞ்சினைக் காட்டி, "அந்தா நிக்குது மச்சி" என்றாள். பிறகு போய் ஆட்டை அறுக்க ஆள் தேடினாள்.

சாப்பிட்டவர்கள் நன்றியுள்ளவர்கள். சகலவிதமான யந்திரமும் என்று எழுதியிருந்தபடியால், வீட்டில் ஓடாமல் கிடந்ததையெல்லாம் அடுத்த கிழமையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். தையல் மெசின் வந்தது. கிராமபோன் வந்தது. சுவர் மணிக்கூடு, மா அரைக்கிற மெசின், கம்பி முறிந்த குடை, பிள்ளையின் மூன்று சில்லுச் சைக்கிள் எல்லாம் வந்தன. கலீலுக்கு யாரிடமும் ஏலாது என்று சொல்லத் தெரியாது. அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியும்? முகத்துக்கு நேரே ஏலாது என்று சொன்னால் சண்டைக்கு அழைத்ததுபோல. அதனால் எல்லாரும் சொல்கிற சொல்லைத்தான் அவரும் சொன்னார்.

"வச்சிட்டுப் போங்க. பார்ப்பம்."

கொட்டில் நிரம்பியது. உண்மையாக அவருடைய கைக்காக வந்த எஞ்சின்கள் பின்னால் போய், சாமான்களுக்கு அடியில் மறைந்தன. ஒரு நாள் சல்லிக் கரையிலிருந்து கோணாமலை வந்து வாசலில் நின்றார். கடலில் பழுத்த மனிதர். ஒரு வள்ளம்தான் அவருடைய சொத்து. எஞ்சினைக் கொடுத்துவிட்டுக் கிழமைக்கணக்காக நடந்துகொண்டிருந்தார். ஊர் வழக்கப்படி முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, என்ர எஞ்சினுக்கு மேல ஆரோ தையல் மெசினை ஏத்தி வச்சிருக்கினம்."

"அது இண்டைக்கு எடுத்திருவன் அண்ணே. உங்கட வேலையை நாளைக்குப் பார்ப்பம்."

"பார்ப்பம், பார்ப்பம். நீங்கள் பார்த்துக்கொண்டே இருங்கோ. நான் வயித்தைப் பார்க்கவேணும்." கோணாமலை இரண்டு பேரைக் கூட்டிவந்து, எஞ்சினைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தெரிந்த ஒரே வேலை தோளில் ஏறித் தெருவால் போவதைக் கலீல் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நாட்களில்தான் பஹ்ரைனிலிருந்து கடிதம் வந்தது. டொக்யாட்டில் கூட இருந்த அஸீம் அங்கே எண்ணெய்க் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கலீலுக்கும் இடம் பார்த்திருந்தார். வாடைக்காற்று முடிந்து கடல் அடங்குவதற்குள் கொழும்பு ஏஜெண்டுக்குப் பதில் போடவேண்டும். போனால் ஐந்து வருட ஒப்பந்தம். இடையில் வரமுடியாது. மகள் றஹ்மாவுக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது. திரும்பி வரும்போது அவள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாக இருப்பாள். வாசலில் நிற்கிற ஆள் யாரென்று உம்மாவிடம் கேட்பாள். அதை நினைத்தால் கலீலுக்குச் சோறு இறங்காது. கொட்டில் ஓடாவிட்டால் போவதைத் தவிர வழியும் இல்லை.

"போறதெண்டா போங்க" என்றாள் உம்மு குல்சும். "பஹ்ரைனில மட்டும் தையல் மெசின் இல்லையா? அங்கயும் போய் அறபிமாருக்குப் 'பார்ப்பம்' எண்டு சொல்லிக்கிட்டு இரிப்பீங்க."

அவள் அதோடு விடவில்லை.

"டொக்யாட்டில டெலிபோனில இருந்தாவே ஒரு மிஸ், அவ இப்ப பாலையூத்தில மனு எழுதிக் குடுக்கிறாவாம். பாயிஸ் மாஸ்டர்ட பென்சனும் அவ எழுதித்தானாம் வந்தது. அவவிட்டப் போய் ஒரு நல்ல நோட்டீஸ் எழுதுங்க. இந்தக் கலியாணக் கடதாசியைக் கண்டா எனக்கு வயிறு எரியுது."

அந்த மிஸ்ஸின் குரல் கலீலுக்குத் தெரியும். முகம் தெரியாது. டொக்யாட் எக்ஸ்சேஞ்சிலிருந்து வேலைத்தளத்துக்கு அழைப்பு வந்தால் அந்தக் குரல்தான் வரும். இன்ன ஜெட்டி மேடை, இன்ன கப்பல், இன்ன பழுது, இத்தனை மணிக்கு. சொல்லிமுடித்தவுடன் "திருப்பிச் சொல்லுங்கோ" என்று ஒரு கட்டளை. கேட்டவர் ஒரு சொல்லும் குறையாமல் திருப்பிச் சொன்னால்தான் குரல் விடும். பிழைத்தால் முதலிலிருந்து. கடற்படையின் வழக்கம் அது. பிழையாய்க் கேட்ட ஒரு சொல்லால் பிழையான கப்பலுக்கு ஆள் போய்விடக் கூடாது. குரலைக் கேட்டுக் கேட்டுக் கலீல் மனதுக்குள் ஒரு உயரமான, கோபக்கார அம்மாவை வைத்திருந்தார்.

பாலையூற்றில் கதவைத் திறந்தது இரத்தினேஸ்வரி மிஸ்தான்: குள்ளமான, தடித்த கண்ணாடி போட்ட, சிரித்த முகமுள்ள பெண். "ஆர் வேணும்?" என்று கேட்டதும் கலீல் தன்னை அறியாமல் நிமிர்ந்து நின்றார். அதே குரல்.

"பிற்றர் கலீல், மிஸ். டீசல் செக்சன்."

"ஓ, நானாவே! நீங்கள் எப்பவும் ஒரேயடியாய்ச் சரியாத் திருப்பிச் சொல்லுவியள். வாங்கோ, இருங்கோ." கதிரையை இழுத்துப் போட்டார். நோட்டீஸை வாங்கி, பூவிலிருந்து பொடி எழுத்துவரை மெதுவாய் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நானா, உங்களுக்கு என்ன வேலை தெரியும் எண்டு இதில எங்க கிடக்கு?"

"அடியில கிடக்கு மிஸ். சகலவிதமான…"

"சகலதும் தெரிஞ்சவர் கடவுள் ஒருத்தர்தானே."

"அஸ்தஃபிருல்லாஹ்" என்று கலீல் அவசரமாய் இறைவனிடம் மன்னிப்புக் கேட்டார். இந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை.

"சரி. இதைப் பாத்திட்டு ஆர் வரவேணும் எண்டு நினைச்சனீங்கள்?"

"எல்லாரும்தான் மிஸ்."

"எல்லாரும் வந்தவைதானே? பிறகேன் இஞ்ச வந்தனீங்கள்?"

கலீலுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பஸ் ஏறி வந்தது இந்தப் பேச்சைக் கேட்கவா? எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். மிஸ் விடவில்லை.

"இப்ப நான் வேற மாதிரிக் கேக்கிறன். ஆர் வரக் கூடாது?"

அந்தக் கேள்விக்குத்தான் உள்ளே அடைத்துக் கிடந்ததெல்லாம் திறந்தது. தையல் மெசின், குடை, கிராமபோன், மணிக்கூடு, கோணாமலை எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனது என்று கலீல் கொட்டினார், மிஸ் எழுதிக்கொண்டே போனார். மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாய் இன்னொன்றும் சொன்னார். "பிறகு ஒரு ஜாதி ஆக்கள் இரிக்காங்க மிஸ். வள்ளத்தை விக்கப்போறவன். ஒரு கிழமைக்கு ஓடினாக் காணும், எதையாவது ஒட்டி விடு எண்டு வாறவன். வாங்கிறவன் கடலில போய் அந்தரிப்பான். அவன் வரவே கூடாது."

மிஸ் எழுதுவதை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். "நானா, இப்பதான் எனக்கு உங்களைத் தெரியுது" என்றார்.

கலீல் சொல்லச் சொல்ல, மாலைக்குள் ஒரு நோட்டீஸ் எழுதியாயிற்று. அதை அச்சுக்குக் கொடுக்கலாம் என்று கலீல் நினைத்தார். மிஸ் சிரித்தார். "ஆரும் திருப்பிச் சொல்லாமல் அதெப்படி அச்சுக்குப் போறது? நாளைக்குச் சல்லிக்குப் போவம். அந்தக் கோணாமலை எண்டவரைத்தான் பாக்கவேணும்."

"ஐயோ மிஸ், அவர் என்னோட கோபம்."

"அதுதான் நல்லது. கோபக்காரன் காதில ஏறினா எல்லார் காதிலையும் ஏறும்."

மறுநாள் உம்மு குல்சுமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடப் புறப்பட்டாள். இந்தக் கூத்தைப் பார்க்காமல் விட அவளுக்கு மனமில்லை. சல்லிக் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் ஓடாதபடியால் கோணாமலை கூலிக்கு வலை இழுத்துக்கொண்டு நின்றார். கலீலைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மிஸ் மணலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "அண்ணை, நீங்கள் இழுங்கோ, நிப்பாட்ட வேண்டாம். நான் ஒருக்கா வாசிப்பன். கேட்டிட்டுத் திருப்பிச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

"பள்ளிக்கூடமே நடத்துறியள்?"

"ஓம், மீனுக்குப் பள்ளிக்கூடம்." கயிற்றில் நின்றவர்கள் சிரித்தார்கள். மிஸ் காற்றுக்கு எதிராய்க் குரலெடுத்து ஒரு தடவை வாசித்தார். டொக்யாட்டில் பல வருடம் பழக்கப்பட்ட, அனுபவம் வாய்ந்த பிற்றர், நியாயமான கட்டணம், நம்பிக்கையான சேவை, படகு எஞ்சின்களுக்கு விசேட கவனம்.

கோணாமலை காலை மணலில் ஊன்றி இழுத்தபடியே சொன்னார். "நானா டொக்யாட்டில இருந்தவராம். எஞ்சின் எல்லாம் பாப்பாராம்."

"நியாயமான கட்டணம் எண்டும் வாசிச்சனே?"

"அது எல்லாரும் சொல்லுறது பிள்ளை. அது காதில நிக்காது."

மிஸ் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "நம்பிக்கையான சேவை?"

"நம்பிக்கையில்லாதவன் வேறென்ன எண்டு எழுதுவான்?"

இன்னொரு கோடு. கலீல் கடதாசியை எட்டிப் பார்த்தார். தன்னுடைய வாழ்க்கை கண் முன்னால் சுருங்கிக்கொண்டு போவதுபோல இருந்தது.

"விசேட கவனம்?"

"என்ர எஞ்சினுக்கு மேல தையல் மெசின் வச்சது அந்த விசேட கவனமோ?"

கயிறு முழுக்கச் சிரித்தது. உம்மு குல்சும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. கோடு போட்டுவிட்டுக் கேட்டார். "அப்ப நீங்கள் என்ன கேக்க விரும்பிறியள் அண்ணை?"

கோணாமலை முதல்தடவையாகக் கயிற்றை அடுத்த ஆளிடம் விட்டுவிட்டு வந்தார். "எண்டைக்குத் திருப்பித் தருவார்? அதல்லோ கதை. திங்கள் எண்டாத் திங்கள். அடுத்த மாசம் எண்டா அடுத்த மாசம். சொன்னா நான் வேற வேலைக்குப் போவன். சொல்லாமல் வச்சிருந்தா நான் அங்கயும் இல்லை, இஞ்சயும் இல்லை."

மிஸ் எழுதினார். எழுதியதை வாசித்தார். கோணாமலை தலையாட்டினார். பிறகு, "செய்ய ஏலாட்டி?" என்று கேட்டார்.

மிஸ் கலீலைத் திரும்பிப் பார்த்தார், ஆனால் உதவிக்கு வரவில்லை. உம்மு குல்சும் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். கலீல் மணலைப் பார்த்தபடி, தனக்கே சொல்லுவதுபோலச் சொன்னார்.

"ஏலாட்டி அண்டைக்கே சொல்லுவன்."

கோணாமலை அவரை உற்றுப் பார்த்தார். "அதை எழுதுங்கோ பிள்ளை" என்றார்.

"எழுதிறன். ஆனா நானா, இது அச்சில போச்செண்டா இனி உங்கட சொல்லில்லை. கையில வச்சிருக்கிறவன்ர சொல். கொண்டுவந்து முகத்துக்கு முன்னால நீட்டுவினம்."

"இன்ஷா அல்லாஹ் எண்டு கடைசியில போடலாமா மிஸ்?"

"போடுங்கோ, நல்லாய்ப் போடுங்கோ. அது உங்கட நம்பிக்கை, அதில கைவைக்க நான் ஆர்? நான் எடுக்கச் சொல்லுறது 'பார்ப்பம்' எண்டதை மட்டும்தான்."

பஸ்ஸில் திரும்பும்போது கலீல் அந்தக் கடதாசியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

படகு எஞ்சின் மட்டும் திருத்துவேன்.
எந்த நாள் முடியும் என்று எஞ்சினை இறக்கும்போதே சொல்வேன்.
செய்ய ஏலாததை அன்றைக்கே சொல்வேன். இன்ஷா அல்லாஹ்.
கலீலுர் றஹ்மான், டொக்யாட்டில் பிற்றராக இருந்தவர், துறைமுகத்து ஓரத் தகரக் கொட்டில்.

அச்சகத்து இரத்தினசிங்கம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மறுபக்கத்தைத் திருப்பினார். "மிச்சம் எங்க?"

"அவ்வளவுதான்" என்றார் மிஸ்.

"இவ்வளவு வெள்ளையாய் விட்டா ஆக்கள் என்ன நினைப்பினம்? மையில்லாத அச்சகம் எண்டு சொல்லுவினம். ஒரு பூவாவது போடுவமே."

"பூவை ஆரின்ரையாவது கலியாணத்துக்கு வச்சிருங்கோ."

பூ இல்லாமல்தான் அடித்தார். ஆனால் தன் அச்சகத்தின் பெயரைக் கீழே போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நகரத்துக்குள் ஒரு நோட்டீசும் ஒட்டப்படவில்லை. ஐஸ் விற்கிற இடம், டீசல் அடிக்கிற இடம், மூதூர் லோஞ்ச் இறங்குதுறை, கிண்ணியாத் துறையடி. வள்ளக்காரன் கால் படுகிற இடத்தில் மட்டும் ஒட்டச் சொன்னார் மிஸ். உம்மு குல்சும் தையல் மெசின்களையும் மணிக்கூடுகளையும் வண்டியில் ஏற்றி, வீடு வீடாய்த் திருப்பிக் கொடுத்து வந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஏச்சு கேட்டாள். குடைக்காரர் மட்டும் வீட்டில் இல்லை.

கொட்டில் காலியானது. தரை தெரிந்தது. ஆனால் யாரும் வரவில்லை. வாடைக்காற்று அடங்கிக்கொண்டு வந்தது. கொழும்பு ஏஜெண்டிடமிருந்து ஒரு ஞாபகமூட்டலும் வந்துவிட்டது. கலீல் காலையில் கொட்டிலைத் திறந்து, துடைத்த சாமானையே திரும்பத் துடைத்து வைத்தார்.

ஒரு நாள் காலை கிண்ணியாவிலிருந்து பெரிய வள்ளம் ஒன்று வந்து கரைதட்டியது. அதில் ஸெய்னுதீன் முதலாளி. ஆறு எஞ்சின் வள்ளத்துக்குச் சொந்தக்காரர். அவர் வந்தால் கூட நாலு பேர் வருவார்கள், நாலு பேரைப் பார்த்துக் கரையில் நின்றவர்களும் வருவார்கள். எஞ்சினைக் கொட்டிலில் இறக்கினார்கள். முதலாளி கதிரையில் இருந்துகொண்டு சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டீஸை எடுத்துத் தொடையில் வைத்தார்.

"பிற்றர், இது சரியா ஓடிச்செண்டா மிச்ச அஞ்சும் உங்களுக்குத்தான். வருசம் முழுக்க வேலை. பாருங்க."

கலீல் எஞ்சினைத் துடைத்தார். கையால் தடவிக்கொண்டு போனவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். புளொக்கில், எஞ்சினின் இரும்பு உடலில், வெடிப்பு. நீளமான வெடிப்பு. யாரோ அதன்மேல் ஏற்கெனவே எதையோ பூசி மறைத்திருந்தார்கள். டொக்யாட்டில் இருந்த சாமான் இருந்தால் ஒருவேளை செய்யலாம். இந்தக் கொட்டிலில் ஒட்டினால் குடாவுக்குள் ஓடும். வெளிக்கடலில் ஒரு நாள் திடீரென்று நின்றுவிடும்.

வாழ்க்கையில் அதுவரை அவர் சொல்லிவந்த சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. பார்ப்பம் முதலாளி. அந்த ஒரு சொல்லோடு ஆறு எஞ்சின். அந்த ஒரு சொல்லோடு பஹ்ரைன் இல்லை, மகளின் முகம் தினமும் கண்முன்னால். எதிர்ச் சொல்லைச் சொன்னால் கப்பல். கலீல் வாசலைப் பார்த்தார். மிஸ் வந்து நிற்கிறாரா? இல்லை. நிற்பதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை. சொல்ல வேண்டியதை அவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"முதலாளி, இது ஏலாது."

முதலாளி காதைக் கொடுத்ததுபோல முன்னால் சாய்ந்தார். "என்ன சொன்ன?"

"ஒட்டித் தரலாம். குடாவுக்குள்ள ஓடும். வெளிக்கடலில கைவிட்டிரும். வள்ளத்தில போற உங்கட ஆக்களும் அதோட போயிருவாங்க. புது புளொக் போடணும். அது என்னிட்ட இல்ல."

"இதக் கேக்கவா விடியக் கருக்கலில இருந்து ஏத்தி இறக்கிக்கிட்டு வந்த? ஒருத்தனும் என்னிட்ட இப்படிச் சொன்னதில்ல!"

"அண்டைக்கே சொல்லுவன் எண்டு அதில எழுதித்தான் இரிக்கி, முதலாளி."

ஸெய்னுதீன் முதலாளி தொடையில் கிடந்த நோட்டீஸை எடுத்து, உதடு அசைய முழுதாய் வாசித்தார். கசக்கிக் கீழே போட்டார். எஞ்சினைத் தூக்கச் சொல்லிவிட்டு வள்ளத்துக்குப் போனார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்த கலீல் நடந்ததைச் சொல்லிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்க்காமல் இருந்தார். உம்மு குல்சும் அகப்பையைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"ஸெய்னுதீன் முதலாளிக்கா? நீங்களா? முகத்துக்கு நேரயா?"

"ஓம்."

அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "கலியாணம் முடிச்ச நாளில இருந்து உங்களுக்கு இந்தத் தைரியம் இருந்ததெண்டு எனக்குச் சொல்லவே இல்லியே" என்றாள். கோபமா சிரிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "போறதெண்டாலும் இனிப் பயமில்லாமப் போங்க."

அவர் போகத்தான் தயாரானார். அடுத்த நாள் விடிந்ததும் கொட்டிலைப் பூட்டிவிட்டு ஏஜெண்டுக்குத் தந்தி கொடுப்பதென்று தீர்மானித்துக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தார்.

கொட்டிலுக்கு முன்னால் கோணாமலை இருந்தார். பக்கத்தில் அவருடைய எஞ்சின். அப்பால் இன்னும் இரண்டு எஞ்சின். கலீல் கடலைப் பார்த்தார். கிண்ணியாப் பக்கமிருந்து ஒன்றன்பின் ஒன்றாய் வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. எஞ்சின் ஓடுகிற வள்ளம் முன்னால், ஓடாத வள்ளம் பின்னால் கயிற்றில். மூதூர்ப் பக்கமிருந்தும் பாய்போட்டு ஒரு வள்ளம், நடுவில் சாக்கு மூடிய எஞ்சினோடு. காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. கனவு காண்கிறேனோ என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

"இவங்களுக்கெல்லாம் ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"உங்கட முதலாளிதான்" என்றார் கோணாமலை. "நேற்றுப் பின்னேரம் முழுக்கத் துறையடியில நிண்டு ஏசினவராம். அந்தப் பிற்றர் என்ர எஞ்சினைத் திருப்பி அனுப்பிப்போட்டான், ஏலாது எண்டு முகத்தில அடிச்சமாதிரிச் சொல்லிப்போட்டான், அப்பிடி இப்பிடியெண்டு. கேட்டவங்கள் எல்லாரும் அந்த நோட்டீஸைத் தேடிப்போய் வாசிச்சிருக்கிறாங்கள். ஆறு வள்ளக்காரனுக்கே ஏலாது எண்டவர், எனக்கு ஏலும் எண்டு சொன்னா அது ஏலும்தானே நானா?"

சல்லி மணலைப் பார்த்துக்கொண்டு கலீல் வாய்க்குள் முணுமுணுத்த மூன்று சொல். அது தாளில் ஏறி, துறையடியில் ஒட்டி, ஒரு கோபக்காரரின் வாயில் ஏறி, கொட்டியாரக் குடாவைக் கடந்து போய், இத்தனை வள்ளத்தையும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரியும். எண்ணெய் எரிகிறது, சில்லுச் சுற்றுகிறது. இது எந்த எண்ணெயில் ஓடுகிறது?

கோணாமலையின் எஞ்சினைக் குனிந்து பார்த்தார். தடவினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார்.

"செவ்வாய் பின்னேரம் அண்ணே."

"சரி." கோணாமலை எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்துவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் ஏறும்போது உம்மு குல்சும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தாள். வரிசையைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாத்திரத்தைக் கதிரையில் வைத்துவிட்டு, "அப்ப அஸீம் நானாக்கு நானே எழுதிப் போடுறன், வேற ஆளைப் பாக்கச் சொல்லி" என்றாள். கலீல் தலையை மட்டும் அசைத்தார். அவள் அப்படியே பாலையூற்று பஸ்ஸைப் பிடித்துப் போய், பின்னேரம் மிஸ்ஸைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள்.

மிஸ் கொட்டிலுக்குள் வரவில்லை. கரையோரமாய் நின்று வள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலவற்றில் ஆட்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். முறை வரும்வரை அங்கேயே கிடக்கிற எண்ணம். நோட்டீஸை வள்ளத்து முனையில் ஆணி அடித்து வைத்திருந்தான் ஒருவன். மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இருங்க மிஸ், கதிரை கொண்டு வாறன்" என்றார் கலீல். கதிரை இருந்தது, அதில் பிஸ்டன்கள் இருந்தன.

"வேண்டாம் நானா." அந்தக் கட்டளைக் குரல் எங்கேயோ போயிருந்தது. "எக்ஸ்சேஞ்சில இருந்து இத்தனை வருசம் சொல்லிச் சொல்லி அனுப்பினனான். ஜன்னல் கூட இல்லாத அறை. ஒரு சொல்லுப் போய் என்ன செய்தது எண்டு ஒரு நாளும் நான் கண்ணால கண்டதில்லை."

மூதூர் வள்ளம் கரைதட்டியது. அதிலிருந்தவர்கள் எஞ்சினை இறக்க ஆள் கேட்டுச் சத்தம் போட்டார்கள். கலீல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். மிஸ் அசையாமல் நின்றார். உம்மு குல்சும் இரண்டு தடவை தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டும் அவருக்குக் கேட்கவில்லை.